யாங்கூன் வீதிகளில் ஓடாத மோட்டார் சைக்கிள்

2014ஆம் ஆண்டு மார்கழி மாதம் நாம் பர்மாவின் பழைய தலைநகராகிய யாங்கூனுக்குச் சென்றிருந்தோம். எமது பாட்டனார் காலத்தவர் நாவில் இரங்கூன் என்று வழங்கிய அதே நகரந்தான். போய் இறங்கிய முதல் நாள் முழுவதும் அந்நகரத்து இரைச்சலில் ஏதோ ஒன்று குறைவதாக எமக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. மோட்டார் வாகனங்களுக்குக் குறைவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதன் பின்னர் யப்பானிலிருந்து வந்து குவிந்த பழைய கார்கள் சூலே பகோடாவைச் சுற்றி மணிக்கணக்காக அசையாது நின்றன. பேருந்துகள் நின்றன. 'சைக்கா' எனப்படும், பக்கத்தில் இருக்கை பூட்டிய மிதிவண்டிகள் ஒழுங்கைகளில் நுழைந்து வெளிப்பட்டன. ஆயினும் ஆசிய நகரமொன்றில் நாம் எதிர்பார்க்கும் மோட்டார் சைக்கிளை மட்டும் எங்குங் காணவில்லை. இரண்டாம் நாள் காலையில்தான் இதனை நாம் உணர்ந்தோம்.

காளியம்மன் கோயில் வாசலில் ஒரு தமிழ்ப் பெரியவரைச் சந்தித்தோம். 1871ஆம் ஆண்டில் தமிழ்க் குடியேறிகளால் எழுப்பப்பட்ட கோயில் அது. இராமநாதபுரத்திலிருந்து கப்பலேறியவரின் பேரனான அவர் எழுபது வயதைக் கடந்தவர். நாம் ஓர் ஆசிரியராக இருந்தவர் என்று அறிந்ததும் "வாங்க வாத்தியார் ஐயா, நம்ம வீட்டுல ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சுட்டுப் போகணும்" என்று கையைப் பிடித்து அழைத்துச் சென்றார். வீட்டின் முன் அறையில், சாக்குத் துணியால் மூடப்பட்டு, ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது.

"பதினொரு வருசமா நிக்குது, ஐயா. சனிக்கிழமை சனிக்கிழமை துடைச்சு, ஸ்டாண்டுல வச்சு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணுவேன். வெளியே கொண்டுபோனா பிடிச்சுக்குவாங்க."

2003ஆம் ஆண்டில் இராணுவ அரசு யாங்கூன் நகரில் மோட்டார் சைக்கிள்களைத் தடைசெய்தது. பொலிஸார், தபாற்காரர் போன்ற அரச ஊழியர் சிலருக்கு மாத்திரமே விலக்கு உண்டு. முக்கிய வீதிகள் பலவற்றில் சாதாரண மிதிவண்டிக்கும் இடமில்லை. ஏன் இந்தத் தடை என்று பெரியவரைக் கேட்டோம். அவர் ஒன்றுக்கு மூன்று காரணங்கள் சொன்னார். தளபதி ஒருவரின் காரை மோட்டார் சைக்கிளொன்று உரசியதாம். இல்லை, ஓர் இளைஞன் அதிலே வந்து அரசுக்கு எதிரான துண்டுப் பிரசுரங்களை வீசிவிட்டு மறைந்தானாம். அதுவுமில்லை, காரில் போன பெரிய அதிகாரி ஒருவரை நோக்கி ஒருவன் துப்பாக்கி நீட்டுவதுபோல விரலை நீட்டினானாம். நகரம் முழுவதும் இந்தக் கதைகளே உலவின. எது மெய், எது பொய் என்று தீர்ப்பதற்கு எவராலும் முடியவில்லை, ஏனெனில் மக்கள் ஏற்கத்தக்க விளக்கமெதனையும் அரசு அளிக்கவில்லை.

இதிலே வியப்படைய ஏதுமில்லை என்றார் பெரியவர். அவர் இளைஞராக இருந்த 1970ஆம் ஆண்டு மார்கழியில், அதுவரை இடப்பக்கமாக ஓடிய பர்மாவின் வாகனங்கள் யாவும் இனி வலப்பக்கமாக ஓடவேண்டுமென்று நே வின் அரசு கட்டளையிட்டது. சோதிடரின் சொற்கேட்டே இது நடந்ததென்று சனங்கள் இன்றும் பேசுவர். வீதி மாறியதேயன்றி வாகனம் மாறவில்லை. சுக்கான் வலப்பக்கத்தில் இருக்கும் கார்கள் வலப்பக்கமாகவே ஓடின. பழைய பேருந்துகளின் கதவுகள் நடைபாதையை விட்டு நடுவீதியை நோக்கித் திறந்தன. முன்னே செல்லும் லொறியை முந்த நினைக்கும் சாரதிக்கு எதிரே வருவது தெரியாது. பக்கத்தில் இருப்பவர் எட்டிப்பார்த்துச் சொல்லவேண்டும்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அந்தத் தடையைப் பெரியவர் முற்றாக வெறுக்கவில்லை. "பேரப்பிள்ளைகள் ரோட்டைக் கடக்கலாம், ஐயா. மண்டலேயில போய்ப் பாருங்க, குஞ்சும் குருமானும் நாலு பேரா ஒரு வண்டியில, தலையில ஒண்ணும் இல்லாம பறக்குதுங்க" என்றார். சட்டப் புத்தகத்தின்படி பர்மாவில் தலைக்கவசம் கட்டாயம். ஆனால் புத்தகத்தில் இருப்பது வீதிக்கு வர நெடுங்காலம் செல்கிறது. யாங்கூனிலோ வண்டியே இல்லாததனால் தலையும் தப்பியது. 2016இல் மக்களால் தெரிவுசெய்யப்பட்ட அரசு வந்தபோதுகூட இந்தத் தடை நீக்கப்படவில்லை. தவறான இடத்திலிருந்து பிறந்த கட்டளையினால் ஓரளவு நன்மையும் விளைந்துவிட்டால் அதனை எப்படி மதிப்பிடுவது? அன்று இந்தக் கேள்விக்கு எம்மிடம் விடை இருக்கவில்லை.

மாலையானதும் பெரியவரின் முகம் வாடியது. எம்மை இரவு தங்கவைக்க அவருக்கு ஆசை. ஆனால் வெளிநாட்டவர் உரிமம் பெற்ற விடுதியில்தான் தங்கலாம். சொந்த மகள் வேறு ஊரிலிருந்து வந்து ஓரிரவு தங்கினாலும் வட்டார அலுவலகத்தில் பதியவேண்டும். 1907ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டங்களில் வேர்கொண்ட இந்த விதி 2012ஆம் ஆண்டின் வட்டார, கிராம நிர்வாகச் சட்டத்திலும் இடம்பெற்றிருந்தது. நள்ளிரவில் கதவைத் தட்டி ஆட்களை எண்ணுவார்கள். எல்லாம் உங்கள் பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். கொழும்பு லொட்ஜுகளில் பொலிஸ் பதிவுத் துண்டைத் தலையணையின் கீழ் வைத்துக்கொண்டு உறங்கிய எம்மவர்க்கு இதனை விளக்க வேண்டிய அவசியமில்லை.

பாதுகாப்பு என்ற சொல் எமக்கு எப்படிப் பழகியது என்பதை எண்ணிப் பாருங்கள். 1990இன் பின்னர் பாதுகாப்பின் பெயரால் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் நிறுத்தப்பட்டது. மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். சிறு போத்தலில் இருந்து சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் பீய்ச்சி, உதைத்து உதைத்துக் கிளப்பினால், வீதி முழுவதும் புகை கக்கிக்கொண்டு அது புறப்படும். அந்நாட்களில் தலைக்கவசத்தைப் பற்றிப் பேசுவார் யார்? பின்னர் இராணுவம் குடாநாட்டுக்குள் வந்தது. சென்றியைக் கண்டதும் இறங்க வேண்டும், உருட்ட வேண்டும், தலைக்கவசம் இருந்தால் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும். உயிர் காக்கும் பொருள் ஒன்றைத் தலையிலிருந்து எடுப்பதே அங்கு உயிர்காக்கும் செயலாயிற்று.

நாம் ஊரில் ஐந்தாம் வகுப்பில் கற்பித்த பிள்ளை ஒருவன் இதே நகரத்துக்கு வந்து சேர்ந்திருந்தான். பெயரை எழுதவில்லை, அறிந்தவர் அறிவர். பகலில் படிப்பு, இரவில் ஸ்கூட்டரில் உணவுப் பொதி விநியோகம். 2009ஆம் ஆண்டு ஐப்பசியில் ஒரு மழை இரவில் விழுந்தான். வேகம் அதிகமில்லை என்றார்கள். தலைக்கவசம் தலையில் இருக்கவில்லை, முழங்கையில் தொங்கியது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் உயிர் பிரிந்தது. வயது 22.

செத்தவீட்டில் அவனுடைய தாயார் எம்மிடம் சொன்னதை அப்படியே தருகிறோம். "மாஸ்ரர், அங்க ஆமிக்காரன் கழட்டடா எண்டான், இவன் கழட்டினான். இஞ்ச பொலிஸ்காரன் போடடா எண்டான், ஏன் போட வேணும் எண்டு கேட்டான். கேக்கக்கூடிய நாடு எண்டு சந்தோசப்பட்டவன், மாஸ்ரர்."

அவன் இறப்பதற்கு ஒரு கிழமைக்கு முன்னர் எம் வீட்டு வாசலுக்கு வந்துபோனான். அன்றும் கவசம் முழங்கையில்தான். நாம் கண்டோம். வாயைத் திறக்கவில்லை. வளர்ந்த பிள்ளை, சுதந்திர நாடு, இனியும் வாத்தியார்த்தனம் காட்டுவது அழகல்ல என்று நினைத்துக்கொண்டோம். அந்த நினைப்புக்கு ஒரு நாகரிகமான பெயர் உண்டு. பல்கலைக்கழகத்தில் அதனை நாம் படித்தும் இருந்தோம்.

1859இல் வெளிவந்த சுதந்திரம் பற்றிய நூலில் ஜோன் ஸ்ருவர்ட் மில், பிறருக்குத் தீங்கு விளையாத வரையில் ஒருவனை அவனுடைய நன்மைக்காகவென்று கட்டாயப்படுத்தலாகாது என்றார். தலைக்கவச எதிர்ப்பாளர் எல்லோரும் பிடித்துக்கொள்வது இந்த இடத்தைத்தான். ஆனால் அதே நூலில் உடையவிருக்கும் பாலம் ஒன்றின் உதாரணமும் வருகிறது. பாலம் உடையும் என்று அறியாது ஒருவன் அதிலே கால்வைக்கப் போகிறான், எச்சரிக்க நேரமில்லை என்றால், அவனைப் பிடித்து இழுப்பது அவனுடைய சுதந்திரத்தைப் பறிப்பதாகாது, ஏனெனில் ஆற்றில் விழுவது அவன் விருப்பமன்று என்கிறார் மில். ஆபத்து நிச்சயமில்லை, வெறுமனே சாத்தியந்தான் என்றாலோ, எச்சரித்துவிட்டு அவன் தீர்மானத்துக்கு விடவேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். எச்சரிப்பது கடமை என்பதை நாம் பரீட்சைக்கு எழுதினோம். வாசலில் நின்ற பிள்ளையிடம் சொல்லவில்லை.

தலைக்கவசத்தின் வரலாறும் ஒரு மரணத்தில்தான் தொடங்குகிறது. 1935இல் 'அரேபியாவின் லோரன்ஸ்' என அறியப்பட்டவர் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து, ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து இறந்தார். அவரைப் பார்த்த மருத்துவர்களுள் ஒருவரான ஹியூ கெயன்ஸ் என்ற மூளை அறுவை நிபுணர் அதன்பின் இந்த விடயத்தை ஆராய்ந்து, 1941இல் தமது முடிவுகளை வெளியிட்டார். இன்று ஐயத்துக்கு இடமில்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் வெளிவந்த மதிப்பீடு, தலைக்கவசம் மரண அபாயத்தை ஏறத்தாழ 42 வீதத்தாலும் தலைக்காயத்தை 69 வீதத்தாலும் குறைக்கிறது என்றது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதிகளில் மாண்டனர். அவர்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இருசில், முச்சில் மோட்டார் வாகனங்களில் சென்றவர்.

"என் தலை, என் விருப்பம்" என்ற வாதம் அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது. 1972இல் மசாசுசெற்ஸ் வழக்கில் நீதிபதிகள் அதனை நிராகரித்தனர். விழுந்தவனை வீதியிலிருந்து எடுப்பதும், மருத்துவமனையில் சேர்ப்பதும், அவன் முடங்கினால் குடும்பத்தைத் தாங்குவதும் சமூகந்தானே என்பது அவர்கள் சொன்னதன் சாரம். வாதம் அதனுடன் ஓயவில்லை; மிச்சிகன் மாநிலம் 2012இல் தனது சட்டத்தைத் தளர்த்தியது. எமக்கு அந்த நீதிபதிகளின் கணக்கைவிட அந்தத் தாயாரின் மூன்று நாட்களே பெரிதாகத் தெரிகின்றன. தலை அவனுடையதுதான். ஆனால் மருத்துவமனை வாங்கிலில் உட்கார்ந்திருந்தது அவனல்ல.

ஆயினும் கட்டாயம் என்றால் காரணம் கேட்கக்கூடிய கட்டாயமாக இருக்கவேண்டும். பிரித்தானியாவில் 1973இல் தலைக்கவசம் கட்டாயமானது. தலைப்பாகை எமது சமயம் என்று சீக்கியர் போராடினர். 1976இல் நாடாளுமன்றம் அவர்களுக்கு விலக்களித்தது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 2018இல் தான் இதனைச் செய்தது. அந்த விலக்குகள் சரியா என்பதில் எமக்குள்ளேயே இரு மனம் உண்டு. தலைப்பாகை கட்டிய தலையும் உடையும் தலைதான். ஆனால் கேட்டார்கள், பதில் கிடைத்தது. இலங்கையிலும் 2015 பங்குனியில், கொள்ளையர் முகத்தை மறைக்கிறார்கள் என்று கூறி, முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தைப் பொலிஸார் தடைசெய்ய முற்பட்டபோது, ஓட்டுநர்கள் நீதிமன்றம் ஏறினர். சித்திரையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தடையை இடைநிறுத்தியது. தாடையையும் காக்கும் கவசத்தை அணியும் உரிமைக்காக வழக்காடினார்கள் என்பதைக் கவனியுங்கள். யாங்கூன் பெரியவருக்கு இப்படி ஏற ஒரு படி இருக்கவில்லை. வியட்நாமில் 2007 மார்கழி 15ஆந் திகதி சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, முன்னாள் முழுவதும் வெறுந்தலையாக ஓடிய நகரங்கள் மறுநாட் காலையில் கவசத்துடன் புறப்பட்டன. அங்கும் ஆள்வது ஒரே கட்சிதான். ஆனால் ஏன் என்று மக்களுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தது.

யாங்கூனில் 2021 மாசியில் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றியது. 2016இல் நீக்கப்பட்டிருந்த விருந்தினர் பதிவு விதியை அம்மாதம் 13ஆந் திகதியே திருப்பிக் கொண்டுவந்தார்கள். அவ்வாண்டிலேயே பல நகரங்களில் ஆண்கள் மோட்டார் சைக்கிளில் பின்னால் அமர்ந்து செல்வதும் தடைசெய்யப்பட்டது. பெண்ணோ பிள்ளையோ அமரலாம், அண்ணன் தம்பி அமரலாகாது. இந்தத் தடை எவருடைய தலையையும் காப்பதற்கல்ல என்பதில் அங்கு எவருக்கும் மயக்கமில்லை.

பல மாத முயற்சியின் பின்னர் பெரியவர் வீட்டுக்குத் தொலைபேசித் தொடர்பு கிடைத்தது. மகள் எடுத்தாள். அப்பா நலமென்றும், வண்டியை விற்றுவிட்டார் என்றும் சொன்னாள். ஆற்றுக்கு அப்பால், தலாப் பக்கத்தில் வாடகைக்கு ஓட்டும் பையன் ஒருவன் வாங்கிப் போனானாம். விலையைக் குறைத்துக் கேட்டவனிடம் பெரியவர் குறைத்தே கொடுத்தாராம், பழைய தலைக்கவசத்தையும் எடுத்துப் போவதென்றால் மட்டும் என்ற நிபந்தனையோடு. அவன் அதனை வண்டியின் கைபிடியில் மாட்டப் போனானாம். பெரியவர் தாமே எடுத்து அவன் தலையில் வைத்து, நாடாவை இழுத்துக் கொளுவிவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தாராம்.