ஐசி எண்ணுக்குள் ஒரு கணக்கு

ஜொகூரில் எந்தக் கவுண்டருக்குப் போனாலும் முதலில் கேட்பது ஐசி (அடையாள அட்டை) நம்பரைத்தான். பன்னிரண்டு இலக்கங்களையும் மூச்சுவிடாமல் ஒப்பித்துவிடுவோம். அதையே ஒரே முழு எண்ணாக வாசித்துப் பார்த்திருக்கிறீர்களா?

மாதிரிக்கு ஒன்று: 850230-01-4634. யாருடையதோ என்று பதற வேண்டாம். பிப்ரவரி 30இல் எவரும் பிறப்பதில்லை. முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். 01 என்றால் ஜொகூர் (21 முதல் 24 வரையும் ஜொகூருக்கே). கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். இவர் பெண்.

கோடுகளை எடுத்துவிட்டு, பள்ளியில் எழுதுவதுபோல மும்மூன்றாகப் பிரிப்போம்: 850,230,014,634. எண்ணூற்றைம்பது பில்லியனுக்கு மேல். தமிழ்நாட்டுக் கணக்கில் 85,023 கோடிச் சொச்சம். பில்லியன் கணக்கில் ஒரு லாபம் உண்டு. தொகுதிகளை மாற்றி மாற்றிக் கழித்தும் கூட்டியும் பாருங்கள்: 850 − 230 + 14 − 634 = 0. பூஜ்யம் வந்தால் அந்த எண் 7, 11, 13 மூன்றாலும் வகுபடும். ஏனென்றால் 7 × 11 × 13 = 1001. ஆயிரம் அதற்கு ஒன்றுதான் குறைவு. அதனால் ஒவ்வோர் ஆயிரத்தைத் தாண்டும்போதும் கூட்டல் கழித்தலாகப் புரள்கிறது. கோடி, லட்சம் என்று காற்புள்ளி வைத்தால் இந்த வித்தை கண்ணில் படாது. இலக்கங்களின் கூட்டுத்தொகை 36. எனவே 9ஆலும் வகுபடும். இப்படி அமையட்டும் என்றுதான் கடைசி நான்கையும் நானே பொறுக்கினேன், ஒப்புக்கொள்கிறேன்.

2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் எண் 0வில் தொடங்கும். அதைக் கணினியில் வெறும் எண்ணாகத் தட்டினால் முன்னால் உள்ள பூஜ்யம் காணாமல் போய்விடும்.

பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூர் அட்டையில் கடைசியாக ஓர் எழுத்து இருக்கும். ஏழு இலக்கங்களையும் முறையே 2, 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டி, 11ஆல் வகுத்து, மீதியை வைத்து அதைத் தீர்மானிக்கிறார்கள். 11 பகா எண். அதனால் ஓர் இலக்கம் பிசகினாலும் மீதி மாறும், எழுத்து காட்டிக்கொடுத்துவிடும். நம் பன்னிரண்டில் அப்படியொரு காவல்காரன் இல்லை. 4634ஐ 4636 என்று எழுதினாலும் ஜொகூரில் பிறந்த பெண்தான், ஆள்தான் வேறு.

உங்கள் எண்ணையும் மும்மூன்றாகப் பிரித்துப் போட்டுப் பாருங்கள். முடிந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள்.