அம்மப்பாவின் இதயம் திரும்ப வளருமா?

"அம்மா, பல்லி வால் மாதிரி அம்மப்பாவின்ர இதயமும் திரும்ப வளருமா?"

கால்சாவில் எங்கள் சாப்பாட்டு மேசையில் மகள் கேட்ட கேள்வி இது. போன மாசியில் அப்பாவுக்கு நெஞ்சு நோ வந்தது. "ஒண்டுமில்லை பிள்ளை, வாய்வுதான். இஞ்சித் தண்ணி போட்டுத் தா" என்றார். நானும் போட்டுக் கொடுத்தேன். இரண்டு மணித்தியாலம் போனபிறகுதான் 112க்கு அடித்தேன். ஸ்டென்ட் வைத்து உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி தழும்பாகிவிட்டது.

அதை மாற்ற ஏதும் வழி உண்டா என்று இரவிரவாகத் தேடினேன். 'வளர்ச்சிக் காரணி' என்ற சொல் திரும்பத் திரும்ப வந்தது. உயிரணுக்களைப் பெருகச் சொல்லும், புது இரத்தக் குழாய்களை முளைக்கச் சொல்லும் புரதங்கள் இவை. நரம்பு வளர்ச்சிக் காரணியைக் கண்டுபிடித்து 1986இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரீட்டா லெவி மொண்டால்சினி, இத்தாலியில் டூரினில் பிறந்தவர்.

இதயத்துக்கு இது ஏன் தேவை? வளர்ந்தவர்களின் இதயத் தசை அணுக்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு வீதம்தான் புதிதாகிறது. வயது போகப் போக அதுவும் குறையும். மாரடைப்பிலோ கோடிக்கணக்கான அணுக்கள் சில மணித்தியாலங்களில் செத்துப்போகின்றன.

முயற்சிகள் நடக்காமலில்லை. இரத்தக் குழாயை வளர்க்கும் காரணியை, அடைப்பால் நெஞ்சுவலி உள்ள 178 பேரிடம் சோதித்த 'விவா' ஆய்வின் முடிவு 2003இல் வந்தது. அறுபதாம் நாளில் போலி மருந்தைவிடப் பெரிய பலன் தெரியவில்லை. ஊசியால் போடும் புரதம் உடம்பில் கனநேரம் நிற்பதில்லை என்பது ஒரு பெரிய சிக்கல்.

2019இல் திரியெஸ்தே ஆய்வாளர்கள் வேறு வழியில் போனார்கள். மாரடைப்பு வந்த பன்றிகளின் இதயத்துக்குள், அணுக்களைப் பெருகவைக்கும் ஒரு சின்ன ஆர்.என்.ஏ.யைச் செலுத்தினார்கள். தழும்பு சுருங்கியது, இதயம் நன்றாக அடித்தது. ஆனால் வளர்ச்சி நிற்கவில்லை. பிறகு அந்தப் பன்றிகளில் பெரும்பாலானவை இதயத் துடிப்புக் குழம்பித் திடீரென்று செத்துப்போயின. வளரத் தொடங்கிய அணுக்களை வேளைக்கு நிறுத்துவதுதான் இன்னும் கைவராத வித்தை.

ஆகவே மகளுக்குச் சொன்னேன்: "இப்போதைக்கு வளராது செல்லம். இருக்கிறதைக் காப்பாற்றலாம்." அப்பா குளிசைகளை நேரத்துக்குப் போடுகிறார். பின்னேரங்களில் போரோ இத்தாலிக்கோவில் பேத்தியோடு நடக்கிறார்.

உங்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வில், தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு மற்றவர்களைவிடச் சுமார் ஆறு வருடம் முந்தியே வந்திருந்தது. நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோ, குளிர்ந்த வியர்வை என்றால் இஞ்சி இடிக்க நிற்காதீர்கள். உடனே 112க்கு அடியுங்கள். வீட்டு விலாசத்தை இத்தாலியனில் சொல்ல பிள்ளைகளுக்கும் பழக்கிவிடுங்கள். என் மகள் இப்போது பாடமாகச் சொல்லுவாள்.