உங்கள் பெயருடன் எது நினைவுக்கு வருகிறது?

குறுவள மையக் கூட்டத்தில் "பின்னம் யார் நடத்துகிறீர்கள்?" என்றதும் எல்லோரும் ஒருவரையே திரும்பிப் பார்ப்பார்கள். ஓர் ஆசிரியரின் அடையாளம் அதுதான், தற்பெருமை வேறு. தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் நாமே இணையவழியில் விண்ணப்பிக்கலாம். ஆனால் செய்த பணிக்குச் சான்று வேண்டும். பல்லாண்டு உழைத்தவர்களும் திணறுவது இங்கேதான். பின்னத்துக்கென்றே நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன்: தேதி, செயல்பாடு, 1/2 + 1/3 = 2/5 என்று எழுதிய மாணவர் பிறகு அதே கணக்கைப் போட்ட விதம். பலன் தராத செயல்பாடுகளும் அதில் உண்டு. என்னைக் கருத்தாளராக அழைத்தபோது முதலில் கேட்டது அந்த நோட்டைத்தான். சான்றுக்காக மாணவர் முகத்தைப் படமெடுத்துப் பகிர வேண்டாம். பெயரை மறைத்த விடைத்தாளே போதும்.