உங்களுக்குத் தெரியுமா? குடலை எழுப்பும் சுக்கு
தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்குக் குடலும் ஓய்ந்துபோவதுண்டு. ரத்த ஓட்டம் குறைவது, கடும் தொற்று, வலிக்குத் தரும் மார்ஃபின் வகை மருந்துகள் எல்லாமே அதன் அசைவை முடக்கும். குழாய் வழியே செலுத்தும் உணவு இரைப்பையிலேயே தேங்கிவிடும்.

ஜப்பானிய மருத்துவர்கள் இதற்கு 'டைகென்சூட்டோ' என்ற பழைய மூலிகை மருந்தையும் தருகிறார்கள். சுக்கு, ஜின்செங் வேர், சான்ஷோ, மால்ட் சர்க்கரை, அவ்வளவுதான்! சான்ஷோ பெயருக்குத்தான் ஜப்பானிய மிளகு; எலுமிச்சைக் குடும்பத்துச் செடி அது. நாக்கை மரக்கச் செய்யும் அதன் சான்ஷூல் என்ற பொருள் குடல் நரம்புகளைத் தூண்டுகிறது. அங்கே அரசுக் காப்பீட்டிலேயே இந்த மருந்து கிடைக்கிறது.

வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம்தான் இது அதிகம் ஆராயப்பட்டுள்ளது. வீட்டுச் சுக்குக் கஷாயத்தைக் கொண்டுபோய் நோயாளியின் குழாயில் ஊற்றிவிடாதீர்கள், மருத்துவரைக் கேளுங்கள்.