கிரீன்ஸ்டெட் தேவாலயம்: குறைந்துபோன இருநூறு வயசு

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஓங்கார் என்ற சிற்றூரை ஒட்டி கிரீன்ஸ்டெட் கிராமம் இருக்கிறது. அங்குள்ள புனித ஆண்ட்ரூ தேவாலயம் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்தது. (அந்தச் சபையே 16-ஆம் நூற்றாண்டில் ரோமிடமிருந்து பிரிந்து வந்ததுதான். கோயில் அதற்கு ரொம்ப முந்தியது.)

சின்னக் கோயில். ஆனா அதோட நடுக்கூடச் சுவரைப் பாருங்க, மரம்! ஓக் மரத்தடிகளை நெடுக்காகப் பிளந்து, உருண்டைப் பக்கம் வெளியே, தட்டைப் பக்கம் உள்ளே வருமாறு வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். இன்று 51 தடிகள் நிற்கின்றன. பீடப்பகுதியின் செங்கல் சுவர் பிற்காலத்தியது, சுமார் 1500. மரத்தடிகளுக்கு அடியில் தெரியும் செங்கல் வரிசை அதைவிடப் புதுசு. 1848 வாக்கில் பழுது பார்த்தபோது, உளுத்துப்போன அடிப்பகுதியை வெட்டிவிட்டு அதன்மேல் நிறுத்தினார்கள்.

சரி, இந்த மரத்துக்கு என்ன வயசு? 1960-இல் மர வளையங்களை வைத்துக் கணக்கிட்டு, 845 என்றார்கள். கதைக்கு வசதியான தேதி. 869-இல் டேனியர்களால் கொல்லப்பட்ட அரசர் எட்மண்டின் உடலை, 1013-இல் லண்டனிலிருந்து பரிக்குத் திருப்பி எடுத்துப்போன வழியில் இங்கே இறக்கி வைத்தார்கள் என்பது மரபு. அப்படின்னா, அந்த உடலைப் பார்த்த சுவரையே நாமும் தொட்டுப் பார்க்கலாம்!

1995-இல் மறுபடி ஆராய்ந்தார்கள். மிஞ்சியிருக்கும் வளையங்களில் கடைசியானது 1053. ஆனா அது மரத்தை வெட்டிய வருஷம் இல்லீங்க. பட்டையை ஒட்டிய வெளிறிய பகுதி முதலில் உளுத்துவிடும். வைரம் பாய்ந்த உள்பகுதிதான் நிற்கும். போன பகுதியில் 10 முதல் 55 வளையங்கள் வரை இருந்திருக்கும். அதையும் கூட்டினால், வெட்டியது 1063-க்கும் 1108-க்கும் நடுவில். எட்மண்டின் உடல் வந்தபோது இந்த ஓக் மரங்கள் காட்டில் வளர்ந்துகொண்டிருந்தன!

மரபே பொய் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. பீடப்பகுதியைத் தோண்டியபோது, அதே இடத்தில் இதற்கு முன்பே இரண்டு மரக் கட்டடங்கள் இருந்த தடயம் கிடைத்தது. உடல் அப்படிப்பட்ட ஒன்றில் தங்கியிருக்கலாம். "இதே சுவர்கள்" என்பதுதான் நிற்காது. 845-ஐ இன்னமும் சில கட்டுரைகளில் பார்க்கிறேன், அதற்காகத்தான் இந்தக் குறிப்பு.

இன்னொன்று: நார்மன் படையெடுப்பு 1066. மரம் தருகிற 45 வருஷ இடைவெளியில், முதல் மூன்று வருஷம் மட்டுமே அதற்கு முந்தியது. "சாக்சன் தேவாலயம்" என்று பெயர் போட்டிருக்கும் படங்களைப் பார்த்தால் இந்தக் கணக்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டிய முறை சாக்சன் பாணிதான்; கட்டச் சொன்னவர் நார்மனாகவும் இருக்கலாம்.