கைபேசித் திரையிலிருந்து பரிசோதனை மையம் வரை

தலைநகர் தில்லியில் தன்பால் ஈர்ப்புடைய ஆண்களிடையே எச்.ஐ.வி. தடுப்புப் பணி தொடங்கிய காலத்தில், களப்பணியாளர்கள் பூங்காக்களையும் பேருந்து நிலையங்களையும் நாடிச் சென்றனர். ஆணுறை வழங்குவதும், ஓரமாக நின்று நாலு வார்த்தை பேசுவதும் அன்றைய முறை. இன்றைய இளைஞர்கள் கைபேசிச் செயலி வழியே அறிமுகமாகின்றனர். பூங்காவில் காத்திருக்கும் பணியாளரின் கண்ணில் அவர்கள் படுவதே இல்லை. இணையக் காணொலி இந்த இடைவெளியை நிரப்பும் என்ற நம்பிக்கை இதனால்தான் எழுந்துள்ளது.

2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டின் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. பரவல் 0.21 விழுக்காடு, அதே ஆண்டின் கண்காணிப்பு ஆய்வில், ஆண்களோடு பாலுறவு கொள்ளும் ஆண்களிடையே அது 3.26 விழுக்காடு. இவ்வாய்வு பெரும்பாலும் தடுப்புத் திட்டங்களின் தொடர்பில் இருப்போரிடம் நடத்தப்படுவது. கைபேசியோடு நின்றுவிடும் இளைஞர் இக்கணக்கில் அடங்கார்.

இவர்கள் மறைந்து வாழ்வதற்குச் சட்டமும் ஒரு காரணமாக இருந்தது. 2001ஆம் ஆண்டு ஜூலையில் லக்னோவில் எய்ட்ஸ் தடுப்புப் பணியாளர்கள் கைது செய்யப்பட்டனர். விழிப்புணர்வு ஏடுகளே ஆபாசப் பொருள்களாகக் கைப்பற்றப்பட்டன. அதே ஆண்டில் நாஸ் அறக்கட்டளை இந்திய தண்டனைச் சட்டத்தின் 377ஆம் பிரிவை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றத்தை அணுகியது. இப்பிரிவு மக்களை மறைவிடங்களுக்குத் துரத்தித் தடுப்புப் பணிக்கு இடையூறு செய்கிறது என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பே 2006இல் அந்நீதிமன்றத்தில் எழுத்து மூலம் தெரிவித்தது. 2009இல் கிடைத்த தீர்ப்பு 2013இல் உச்ச நீதிமன்றத்தால் மாற்றப்பட்டது. 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள்தான், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என்பது நிலைபெற்றது.

எனினும் காணொலிக்கு ஒப்புதல் கேட்டு வரும் கோப்பைக் கண்டால் அலுவலர்களுக்குத் தயக்கம் ஏற்படுவது இயல்பே. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67ஆம் பிரிவு ஆபாச வெளியீட்டைத் தண்டிக்கிறது. ஆனால் அறிவியல், கல்வி முதலியவற்றின் பொருட்டுப் பொது நன்மைக்காக வெளியிடப்படுபவற்றுக்கு அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. இந்த விலக்கை யாரும் படிப்பதாகத் தெரியவில்லை. விளைவு, ஆணுறை என்ற சொல்லைக்கூடச் சுற்றி வளைத்துச் சொல்லும் படங்கள்.

சீனாவில் நடத்தப்பெற்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கருதத்தக்கது. அதற்கு முன் எச்.ஐ.வி. பரிசோதனையே செய்துகொள்ளாத எழுநூறுக்கும் மேற்பட்டோருக்கு இரண்டு காணொலிகளில் ஒன்று காட்டப்பட்டது. ஒன்று விளம்பர நிறுவனம் உருவாக்கியது. மற்றொன்று பொதுமக்களிடையே போட்டி நடத்திப் பெற்றது. இரு பிரிவிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சில வாரங்களில் பரிசோதனை செய்துகொண்டனர். போட்டியில் கிடைத்த படத்திற்கு ஆன செலவோ குறைவு. தில்லியிலும் அதிக விலைக்கு விளம்பரப் படம் வாங்குமுன், முகர்ஜி நகரில் தேர்வுக்குப் படிக்கும் மாணவரையும் லட்சுமி நகர்க் கடைப் பணியாளரையும் அவர்தம் பேச்சு வழக்கிலேயே படம் எடுக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

அறையில் மூவர், நால்வராகத் தங்கியிருப்போர் ஒலியை நிறுத்திவிட்டே படம் பார்ப்பர். ஆதலால் எழுத்துவரிகள் இன்றியமையாதவை. பார்ப்பவரைத் திடுக்கிடச் செய்யும் தலைப்பும் முகப்புப் படமும் கூடா. சொல்ல வேண்டியவை சிலவே: தொற்று ஏற்பட்ட உடனே பரிசோதனையில் தெரியாது, சில வாரங்கள் கழிய வேண்டும், ஆபத்தான உறவுக்குப் பின் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்திற்குள் தொடங்க வேண்டும், 2004 முதல் கூட்டு மருந்துச் சிகிச்சையை அரசு இலவசமாக வழங்கி வருகிறது, மருந்தை முறையாக உட்கொண்டு இரத்தத்தில் கிருமி தென்படாத நிலையை எய்தி, அந்நிலையில் நீடிப்பவரிடமிருந்து பாலுறவின் மூலம் தொற்று பரவுவதில்லை. இவற்றுள் கடைசிச் செய்தி பரிசோதனைக்கு அஞ்சுபவரின் அச்சத்தைப் பெரிதும் தணிக்க வல்லது.

படத்தை இத்தனை லட்சம் பேர் பார்த்தனர் என்று ஆண்டறிக்கையில் எழுதுவது எளிது. பார்த்தவருள் எத்தனை பேர் மருத்துவமனைப் படியேறினர் என்பதே கேள்வி. தமிழ்நாட்டில் நம்பிக்கை மையம் என்று வழங்கும் ஆலோசனை, பரிசோதனை மையங்கள் தில்லியின் அரசு மருத்துவமனைகளிலும் உள்ளன. அருகிலுள்ள மையத்தின் முகவரி, வேலை நேரம், 1097 என்ற கட்டணமில்லா உதவி எண் ஆகியன படத்திலேயே இடம்பெற வேண்டும். 2018ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், அதாவது 377ஆம் பிரிவுத் தீர்ப்பு வெளிவந்த நான்காம் நாள், நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம் பரிசோதனைக்கு ஒப்புதலையும் இரகசியக் காப்பையும் கட்டாயமாக்கியுள்ளது. ஆனால் பதிவு மேசையில் இருப்பவர், "எதற்காக வந்தாய்?" என்று வரிசை முழுவதும் கேட்கும்படி வினவினால், வந்த இளைஞன் திரும்பிப் போய்விடுவான், தன் நண்பரிடமும் அதைச் சொல்வான். ஆகவே படத்திற்கு ஒதுக்கும் தொகையில் ஒரு பகுதி பதிவு மேசை ஊழியரின் பயிற்சிக்குச் செல்ல வேண்டும். ஒவ்வொரு படத்தின் முடிவிலும் ஒரு குறியெண் தந்து, வருபவர் விரும்பினால் பெயரைச் சொல்லாமல் அவ்வெண்ணை மட்டும் சொல்லச் செய்தால், எந்தப் படம் எத்தனை பேரை அழைத்து வந்தது என்பதை மையத்தின் பதிவேடே காட்டும்.