உப்புக்காற்றும் ஐதரசன் படகும்

2024 பெப்ரவரி 28 ஆம் நாள், கொச்சி கப்பல் கட்டும் தளத்தில் உருவான ஐதரசன் எரிபொருட்கலப் பயணிகள் படகை இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி தூத்துக்குடியிலிருந்து தொடக்கிவைத்தார். வேலணை வழியே குறிகட்டுவான் துறையை அடைந்து, நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் டீசல் படகேறும் எமக்கு இச்செய்தி ஆவலைத் தருவது இயல்பே. ஆயின், அப்படகு வாரணாசியில், கங்கையின் நன்னீரில் ஓடுவதற்கென அமைக்கப்பட்டது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

எரிபொருட்கலத்தின் உயிர்நாடி அதனுள் உள்ள மென்சவ்வாகும். தலைமயிரினும் மெல்லிய இந்தப் பிளாஸ்டிக் தாளின் ஒருபுறம் ஐதரசனும் மறுபுறம் வளியின் ஒட்சிசனும் செலுத்தப்படுகின்றன. சவ்வு புரோத்தன்களைக் கடக்கவிடுகின்றது. இலத்திரன்களோ வெளிச்சுற்றின் வழியே சென்று மின்னோட்டமாகின்றன. எஞ்சுவன நீரும் வெப்பமுமே.

இச்சவ்வு நலிவுறும் வழிகள் பல. ஈரத்தில் வீங்கியும் உலர்வில் சுருங்கியும் அது நாளடைவில் வெடிப்புறுகின்றது. சிறிதளவு வாயு சவ்வினூடே கசிவதால் ஐதரசன் பேரொட்சைட்டு உருவாகின்றது. துருவிலிருந்து வரும் இரும்பு அயன்கள் அதனைக் கடுந்தாக்கமுடைய மூலிகங்களாக மாற்ற, அவை சவ்வை அரிக்கின்றன. கலத்திலிருந்து வெளியேறும் நீரில் புளோரைட்டு தென்படுவது இவ்வரிப்பின் அடையாளமாகும். ஈற்றில் ஊசித்துளை விழுந்தால் இரு வாயுக்களும் நேரே கலந்து கலம் பழுதடையும்.

எமது கடலில் மேலுமொரு பகை உண்டு. உப்புக்காற்றின் சோடியம் அயன்கள் புரோத்தன்களுக்குரிய இடங்களைச் சவ்வில் பற்றிக்கொள்கின்றன, மின்வலு குன்றுகின்றது. குளோரைட்டு பிளாற்றினம் ஊக்கியைத் தாக்குகின்றது. சாட்டிக் கடற்கரையில் துருவேறும் துவிச்சக்கரவண்டியைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

மூலிகங்களை அடக்கும் சீரியம் சேர்த்தல், சவ்வுக்கு வலுவூட்டும் இழைவலை, உப்பைத் தடுக்கும் வளிவடிகள் ஆகிய பரிகாரங்கள் உள்ளன. நெடுந்தூரப் பாரவூர்திகளின் எரிபொருட்கலங்கள் 2030 இல் 25,000 மணித்தியாலம் உழைக்க வேண்டும் என்பது அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் இலக்கு. நாளொன்றுக்குப் பத்து மணித்தியாலமாக ஆண்டில் 300 நாட்கள் ஓடும் படகுக்கு அது எட்டாண்டு ஆயுளாகும்.

புதுமையை நாம் மறுக்கவில்லை. எனினும், இத்தகைய படகு எமது துறைக்கு வருமாயின், அதன் சவ்வு உப்புக்காற்றில் எத்தனை மணித்தியாலம் சோதிக்கப்பட்டது, பழுதுற்றால் மாற்றும் செலவு யாருடையது என்ற இரு வினாக்களுக்கும் முன்னரே விடை பெறுதல் வேண்டும். நோயாளியும் மாணவரும் நம்பியிருக்கும் கடல்வழி, நன்னீரில் பெற்ற நற்சான்றை மட்டும் நம்பி இயங்கலாகாது.